தொண்ணூறு

எல்ட்யே வீர்ஸ்மாவின் வீட்டுக்கு நான் போனது
ஒரு செவ்வாய்க்கிழமை.
குரோனிங்கனுக்கு வடக்கே, கடலுக்கு அஞ்சிக்
கரை கட்டிக்கொண்ட தட்டை நிலம்.
அடியிலிருந்த வாயுவை உறிஞ்சி எடுத்தபின்
மண் அவ்வப்போது புரண்டு படுக்கும்.
மார்ச்சில் புரண்டபோது
வீடு கிழக்கே சாய்ந்துவிட்டது என்று புகார்.

"எங்கே சாய்ந்தது?" என்றேன், பையைத் திறந்தபடி.
"அளக்க வந்தவர் நீங்கள்" என்றாள்.
இருபத்தேழு வருஷம் கால்வாய்ப் பாலத்தைத்
தூக்கி இறக்கிய கை, கதவு நிலையைப் பிடித்திருந்தது.

மூலைமட்டத்தை வைத்தேன்.
சுவரும் தரையும் சேரும் இடத்தில்
அதற்கும் அவற்றுக்கும் நடுவே
ஒரு தாள் நுழைய வழியில்லை.
இருந்தாலும்,
தரையில் அறுபது சென்டிமீட்டர் குறித்தேன்,
சுவரில் எண்பது.
குறுக்கே நாடாவை இழுத்தால்
நூறு.
மயிரிழை கூடவில்லை, குறையவில்லை.

நான்கு அறை, பதினாறு மூலை.
பதினாறு முறை எழுதினேன் தொண்ணூறு என்று.
சுவர் தரைக்குச் செங்குத்து.
சேதம்: இல்லை.

அவள் மறுத்துப் பேசவில்லை.
காப்பியைக் கொண்டுவந்து ஜன்னல் திட்டில் வைத்தாள்,
பாலில்லாத கறுப்புக் காப்பி, விளிம்பு வரைக்கும்.
அது கிழக்கு விளிம்பை நனைத்துக்கொண்டு
மேற்கே மெல்லிய வெள்ளைப் பிறை ஒன்றை
விட்டுவைத்திருந்தது.
குடிக்க எடுக்கப் போனேன்.
"பொறுங்கள்."

தூண்டில் நரம்பின் நுனியில் ஒரு இரும்பு நட்டு.
அதை நிலையின் உச்சியில் கட்டித் தொங்கவிட்டாள்.
ஆடி ஆடி அடங்கியபோது
நிலையின் அடியைவிட்டு மூன்று விரற்கடை
தள்ளி நின்றது.
வீடு கோணல்.
மூலை மட்டும் செங்கோணம்.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், மறந்துபோயிருந்தது:
ஒற்றைக் கோடு எதற்கும் செங்குத்தாக முடியாது.
அதற்கு இன்னொன்று வேண்டும்.
தாளைச் சுழற்றினால் இரண்டும் சேர்ந்தே சுழலும்,
மூலையில் போட்ட குட்டிச் சதுரம்
ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கும்.
கப்பல் மூழ்கும்போதும்
தளத்துக்குப் பாய்மரம் செங்குத்துதான்.
நான் தளத்தில் நின்று
பாய்மரத்தை அளந்துகொண்டிருந்தேன்.

நரம்பை அவிழ்த்துக் கோப்பைக்கு மேலே பிடித்தாள்.
"குனிந்து பாருங்கள்."
மேலே ஒரு நரம்பு, அதன் நுனியில் நட்டு.
காப்பிக்குள் ஒரு நட்டு,
அதிலிருந்து கீழே போகும் இன்னொரு நரம்பு.
வலப்பக்கம் போய்ப் பார்த்தேன், இடப்பக்கம் போய்ப் பார்த்தேன்,
எங்கும் முறியாத ஒரே கோடு.
சற்றே சாய்ந்திருந்தாலும்
நிழல் வேறு திசையில் போயிருக்கும்.
இந்த வீட்டில் நான் பார்த்த பதினேழாவது தொண்ணூறு அது.
இதற்குத்தான் படிவத்தில் கட்டம் இல்லை.

"பாலம் முழுக்கத் தூக்கி நின்றதா என்று
தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்வேன்,"
என்றாள், நரம்பைச் சுருட்டியபடி.
"கரையைப் பார்த்தல்ல. கரை இறங்கிக்கொண்டிருந்தது."

பதினாறு தொண்ணூறுகளையும் அடிக்கவில்லை.
அவை பொய்யில்லை.
குறிப்புகள் என்ற இடத்தில் எழுத வார்த்தை வராமல்
இரண்டு கோடு போட்டு, மூலையில் குட்டிச் சதுரம் போட்டு,
மொத்தத்தையும் கொஞ்சம் சாய்த்து வரைந்தேன்.
பக்கத்தில் ஒரு கோப்பை.

ஆறிப்போன காப்பியைக் குடித்து எழுந்தபோது
நான் சாத்திவிட்டு வந்த கதவு
கிழக்குப் பக்கமாகத்
தானே திறந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை அலுவலகத்திலிருந்து போன்.
படம் தெளிவாக இல்லையாம்.
இதில் எது வீடு,
படிவத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பது
என்று கேட்கிறார்கள்.